பூமிக்கு வெளியே குடியேறுவதுதான் மனிதகுலத்தின் முதல் வேலையா? பதினோராம் வகுப்புப் பட்டிமன்றத்துக்கு உதவி வேண்டும்

காவிரிக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பரமத்தி வேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் ஆண்டு விழாவில் எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தலைப்பை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்: ‘பூமிக்கு வெளியே மனிதர் குடியேறுவதே மனிதகுலத்தின் முதல் வேலை’. இரண்டு அணிகளையும் நான்தான் தயார் செய்ய வேண்டும்.

இந்தத் தலைப்பு எங்கள் பிள்ளைகளை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சித்தம்பூண்டியும் குன்னமலையும் எங்கள் பக்கத்து ஊர்கள். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 திட்டத்தில் தரையிறங்கு கலத்தையும் ரோவரையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலா மண் போன்ற மண் தேவைப்பட்டபோது, இந்தப் பாறையைத்தான் உடைத்து அரைத்து எடுத்துப் போனார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலாவில் இறங்கிய நேரம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளியிலேயே உட்காரவைத்திருந்தேன். 6 மணி 4 நிமிடத்துக்கு எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று எட்டாவது படித்த பிள்ளைகள்தான் இன்று பட்டிமன்றம் நடத்தப் போகிறவர்கள்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், நம்ம காட்டுக் கல்லை அரைச்சா நிலா மண்ணு மாதிரி ஆயிடுதுங்க. அதுல தட்டப்பயிறு போட்டா முளைக்குங்களா?” இதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அப்போலோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த உண்மையான நிலா மண்ணில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் கடுகு இனச் செடி ஒன்றை முளைக்க வைத்ததை 2022இல் வெளியிட்டார்கள். முளைத்தது, ஆனால் நோஞ்சானாக வளர்ந்தது. தட்டைப்பயறையும் நம் இஸ்ரோவே 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி-சி60 ராக்கெட்டில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது. 8 விதைகள். நான்கு நாளில் முளைவிட்டன.

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், “முளைச்சா மட்டும் போதுங்களா டீச்சர்? அப்புறம் தண்ணியும் காத்தும் தினமும் யாருங்க குடுக்கறது?” என்றான். அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

ராக்கெட், எரிபொருள், தூரம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் உயிரைச் செயற்கையான இடத்தில் வைத்துக் காப்பாற்றிய அனுபவம் உள்ளவர்கள், முன்பின் தெரியாத மண்ணில் குடியேறிய குடும்பத்தில் வந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

காவல்கிணறு கார்த்தி:

டீச்சர், நான் ஒட்டிப் பேசும் அணிக்கு. எங்க ஊர்ல இருந்து பாத்தா மகேந்திரகிரி தெரியும். ராக்கெட் என்ஜின் சோதனை நடக்கும்போது அந்த உறுமல் கேட்டு வளந்தவன். இப்போ பொறியியல் கடைசி வருசம்.

எங்க தாத்தா விதைநெல்லை ஒரே குதிர்ல வைக்க மாட்டார். பாதி எங்க வீட்ல, பாதி அத்தை வீட்ல. ஒரு வீட்ல எலி, வெள்ளம், தீ எது வந்தாலும் அடுத்த போகத்துக்கு விதை இருக்கும். மனுச இனத்துக்கு இப்போ இருக்கறது ஒரே குதிர். 6.6 கோடி வருசத்துக்கு முன்னால மெக்சிகோ பக்கம் ஒரு கல் விழுந்து டைனோசர் வம்சமே போச்சு, பறவைங்க மட்டும் மிச்சம். அதுங்களுக்கு வானத்தைப் பாக்கத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தா எப்படி?

“முதல்ல இங்க இருக்கற வறுமையைத் தீருங்க”ன்னு எதிரணி கண்டிப்பா சொல்லும். ஏழை நாடு எதுக்கு ராக்கெட் விடணும்னு கேரளாவுல தும்பா ஏவுதளத்துல ஆரம்பிச்ச காலத்துலயே கேட்டாங்க. இன்னைக்குப் புயல் எங்க கரையேறும்னு நாள் கணக்குக்கு முன்னாடியே சொல்றது அப்போ ஆரம்பிச்ச வேலையில வந்த செயற்கைக்கோள்தான். எல்லாம் சரியான பிறகு போகலாம்னு காத்திருந்தா என்னைக்குமே போக மாட்டோம்.

வேதாரண்யத்து இறால்காரன்:

டீச்சருக்கு வணக்கம். தம்பி கார்த்திக்கும் வணக்கம். நான் ராக்கெட் படிச்சவன் இல்ல. வேதாரண்யம் பக்கம் பல வருசமா இறால் வளக்கிறேன். மூச்சு விடுற உயிரை, நாமளே வெட்டுன குளத்துல வச்சு எப்படிக் காப்பாத்துறதுன்னு கேட்டா, அது மட்டும் எனக்குத் தெரியும். உங்க கடைசி பெஞ்சுப் பையன் கேட்டதுதான் டீச்சர் உண்மையான கேள்வி.

இறால் குளத்துல பகல்ல பயம் இல்ல. தண்ணியில இருக்கிற நுண்பாசி வெயில்ல ஆக்சிஜன் விடும். ராத்திரியானா அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். இறாலும் இழுக்கும். அடியில கிடக்கிற மிச்சத் தீவனத்தைத் தின்னுற கிருமி அதுக்கு மேல இழுக்கும். விடியக்காலை மூணுலேருந்து அஞ்சரை வரைக்கும்தான் கண்டம். தண்ணியில ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற மீட்டர் 4 பிபிஎம்முக்குக் கீழ இறங்குச்சுன்னா வயித்தைக் கலக்கும். அதுக்காகத்தான் ராவெல்லாம் தண்ணியில காத்தைக் கலக்குற ஏரியேட்டர் ஓடுது.

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறுன விடியல். எனக்கு மூணு குளத்துல இறால் இருந்துச்சு. மழைக்கு முன்னாடியே பிடிச்சிருக்கணும், விலை ஏறட்டும்னு பொறுத்தேன். கரண்ட் போச்சு, ஜெனரேட்டரைப் போட்டேன். கையிருப்பு டீசல் மறுநாள் மதியம் வரைக்கும் தாங்குச்சு. டீசல் பங்க்குக்குப் போகலாம்னா ரோடு பூராவும் மரம் சாஞ்சு கிடக்கு. அரிவாளோட நாலு பேர் போயும் ரெண்டு கிலோமீட்டர் தாண்ட முடியல. அடுத்த விடியல்ல இறால் எல்லாம் கரையோரமா மேல வந்து மீசையை வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வெளிச்சம் வர்றதுக்குள்ள ஒண்ணொண்ணா வெள்ளையாகி அடங்கிருச்சு. அதுங்க பக்கத்துல முழங்கால் தண்ணியில நின்னுகிட்டு, கையால தண்ணியை அடிச்சுப் பாத்தேன். ஒரு மனுசன் கையால அடிச்சா எவ்வளவு காத்து கலக்கும்?

எங்க கூரை போச்சு, தென்னை போச்சு, மா போச்சு. ஆனா நாங்க பொழச்சோம். ஏன்னு அப்பறமா உக்காந்து யோசிச்சேன். எங்க மூச்சுக்கு டீசல் வேண்டியதில்ல. வெளியூர்க்காரங்க நடந்தே வந்து அரிசியும் தண்ணியும் குடுத்தாங்க. செவ்வாய்ல குடியிருக்கிறவங்களுக்கு இது ரெண்டும் கிடையாது. பூமியிலேருந்து கப்பல் விடத் தோதான நேரம் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. கெளம்புனாலும் போய்ச் சேர ஆறேழு மாசம். என் குளத்துக்கு டீசல் வரத் தாமதமானது ஒரு ராத்திரி.

அந்த வருசம் வேலை இல்லாம கிடந்தப்ப என் மக போன்ல ஒண்ணு காட்டுச்சு. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல, ஆரக்கிள்னு ஒரு ஊருக்குப் பக்கத்துல, பயோஸ்பியர்-2ன்னு கண்ணாடி மாளிகை கட்டியிருக்காங்க. மூணு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. உள்ளயே குட்டிக் காடு, குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பர் 26ல நாலு ஆம்பளை, நாலு பொம்பளை உள்ள போயி கதவை மூடிக்கிட்டாங்க. ரெண்டு வருசம் வெளியிலேருந்து சோறு தண்ணி வாங்காம வாழணும்.

என்ன ஆச்சு தெரியுமா? ஆக்சிஜன் 20.9 சதவீதத்துலேருந்து மெதுவா இறங்கி பதினாறு மாசத்துல 14 சதவீதத்துக்கு வந்துருச்சு. ஓட்டையும் இல்ல, ஒடசலும் இல்ல. வெளைச்சல் நல்லா வரணும்னு சத்து மிகுந்த மண்ணைப் போட்டிருந்தாங்க. அந்த மண்ணுல இருக்கிற கிருமி ஆக்சிஜனை இழுத்து கரியமில வாயுவா விட்டுச்சு. செடி அந்த வாயுவைத் திருப்பி ஆக்சிஜனா மாத்தியிருக்கணும். ஆனா கட்டடத்து கான்கிரீட்டு அதை உறிஞ்சி சுண்ணாம்பாக்கிருச்சு. சுவரு மூச்சைத் தின்னுருச்சு டீச்சர். மாடி ஏற முடியாம மூச்சு வாங்குச்சு அவங்களுக்கு. கடைசியில வெளியிலேருந்து ஆக்சிஜன் ஏத்துனாங்க. தேனீ மாதிரி மகரந்தம் சேக்கிற பூச்சி எல்லாம் செத்துருச்சு, எறும்பும் கரப்பானும் பெருகிருச்சு. எட்டு பேரும் பசியோட, எலும்பும் தோலுமா வெளிய வந்தாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துச்சு. என் குளத்துக் கதைதான் அது, அதே அடிமண்ணு. அவங்களைத் தோத்தவங்கன்னு எழுதுனவன் எல்லாம் ஒரு ராத்திரி குளத்தங்கரையில முழிச்சிருந்து பாத்திருக்கணும். கான்கிரீட் மூச்சைத் தின்னும்னு அவங்க இல்லாட்டி நமக்கு யாரு சொல்லியிருப்பா? நல்லவேளை, அது பூமியில தெரிஞ்சுது. கதவைத் திறந்தா வெளிய காத்து இருந்துச்சு.

அவங்களுக்கும் முன்னாடி ரஷ்யாக்காரங்க சைபீரியாவுல கிராஸ்நயார்ஸ்க் ஊர்ல பயோஸ்-3ன்னு ஒண்ணு கட்டுனாங்க, 1972ல முடிஞ்சுது. மொத்தம் 315 கன மீட்டர், ஒரு சின்ன வீடு அளவு. நுண்பாசியும் கோதுமையும் வளத்து, அந்த மூச்சுலயே ஆறு மாசம் ஆளுங்களைத் தங்க வச்சாங்க. சீனாவுலயும் பெய்ஜிங்ல மாணவருங்க மாத்தி மாத்தி 370 நாள் உள்ள இருந்துட்டு 2018ல வெளிய வந்தாங்க. சர்வதேச விண்வெளி நிலையத்துல சிறுநீர், வேர்வை எல்லாத்தையும் சுத்தம் பண்ணி 98 சதவீதத் தண்ணியை மீட்டுட்டோம்னு 2023ல சொன்னாங்க. பெரிய சாதனை. ஆனா சாப்பாடு ஏறக்குறைய பூராவும் இன்னும் கீழேருந்துதான் போகுது.

செவ்வாய்ல ஆக்சிஜன் செஞ்சு பாத்தாச்சுன்னு பேப்பர்ல வந்துச்சே, அதையும் கணக்குப் போட்டேன். மாக்ஸின்னு ஒரு கருவி, 2021லேருந்து 2023 வரைக்கும் 16 தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம் செஞ்சுது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 840 கிராம். அப்படின்னா அந்த 122 கிராம் ஒருத்தருக்கு மூணரை மணி நேர மூச்சு. நான் இதைக் கேலிக்குச் சொல்லல. வேற கிரகத்துக் காத்துலேருந்து மூணரை மணி நேர மூச்சு எடுத்திருக்கோம்ங்கறதை நெனச்சா இப்பவும் எனக்குச் சிலிர்க்குது.

தம்பி கார்த்தி, உங்க தாத்தா விதைநெல்லை அத்தை வீட்ல வச்சாருன்னா, அங்க மொதல்ல ஒரு வீடு இருந்துச்சு. சுவரும் கூரையும் இருந்துச்சு. அந்தக் கல் விழுந்த மறுநாள்கூட பூமியில காத்து இருந்துச்சுப்பா, கடல் இருந்துச்சு. செவ்வாய் ரொம்ப நல்லா இருக்கிற நாள்லகூட அங்க காத்தழுத்தம் நம்மளுதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. மண்ணுல பெர்குளோரேட்டு உப்பு கலந்து கிடக்கு, தைராய்டைக் கெடுக்கும். கல்லைத் திருப்பி விடறதுக்கு 2022ல ஒரு விண்கலத்தை மோதவிட்டு டைமார்ஃபோஸ்ங்கிற சின்ன விண்கல்லு இன்னொரு பெரிய கல்லைச் சுத்துற நேரத்தை அரை மணி நேரம் குறைச்சுக் காட்டிட்டாங்க. கல்லுக்குப் பயந்துதான் போகணும்னா அது சுருக்க வழி.

இன்னொன்னு சொல்லணும், எங்க தொழில்மேல உள்ள குறை. குளத்துல அழுக்கு சேந்தா மதகைத் திறந்து வடிகால்ல விட்டுருவோம். அந்த உப்புத்தண்ணி பக்கத்து வயலைக் கெடுத்துச்சுன்னு எங்க பக்கத்துல பெரிய போராட்டமே நடந்துச்சு, அது நியாயமான போராட்டம். பூமியில நாம செய்யற தப்பு அத்தனையையும் ஏதோ ஒரு வடிகால் வாங்கிக்குது. செவ்வாய் வீட்டுக்கு வடிகால் கிடையாது. போட்ட அழுக்கு மூணாம் நாள் குடிதண்ணியா திரும்பி வரும்.

அதனால என் பதில் இது. போகணும் டீச்சர். என் பேத்தி காலத்துலயாவது யாராவது போயி, அங்கேயே ஒரு புள்ள பொறந்து வளரணும்னு மனசார ஆசைப்படறேன். அந்த ஆசை இருக்கறதாலதான் ‘இத்தனாவது வருசம் பத்து லட்சம் பேரு’ன்னு தேதி போட்டுப் பேசுறதைக் கேட்டா கோவம் வருது. ராக்கெட்டுக்குப் போடற காசுல கால்வாசியை இந்த மூடுன வீட்டுக்குப் போடட்டும். ஒரு பத்து ஊர்ல கட்டட்டும், நம்ம நாட்டுலயும் ரெண்டு. ஒரு குடும்பம் பத்து வருசம் கதவைத் திறக்காம உள்ள ஆரோக்கியமா இருந்து காட்டட்டும். அன்னைக்கு நானே வழியனுப்ப வரேன்.

மலையகத்துப் பிள்ளை:

வணக்கம் டீச்சர். நான் இலங்கை மலையகத்தில் அட்டனில் இருந்து எழுதுகிறேன். தெரியாத மண்ணில் குடியேறிய குடும்பத்தார் யாராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர் என்பார்கள்.

அண்ணன் காற்றையும் தண்ணீரையும் சொன்னார். அந்தக் காற்று யாருடையது என்று உங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

எங்கள் ஆட்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது வேலை தோட்டத்துடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவும் (வரிசை வீட்டு அறை) தோட்டத்துடையது. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஆள் பிடித்துவந்த கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததென்று துண்டு எழுதித் தந்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். எங்கள் பாட்டி சொல்லும்: “வேல போனா வீடும் போகும், வீடு போனா நிக்க எடமில்ல. அதுனால வாயத் தொறக்கல.” நிற்க இடமில்லை என்பதற்கே அவ்வளவு அடங்கிப் போனோம். மூச்சுக் காற்றும் முதலாளி கொடுப்பது என்றால் அங்கே வேலைநிறுத்தம் செய்ய யாருக்குத் துணிவு வரும்?

அப்புறம் சட்டம். நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பெரிய தாத்தா குடும்பம் நீலகிரிக்குப் போனது, சின்னத் தாத்தா குடும்பம் இங்கேயே நின்றது. குடியேறியவர்களைக் கேட்காமலே இரண்டு தலைநகரங்களில் முடிவானது.

1967 விண்வெளி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். நிலாவையோ மற்றக் கிரகங்களையோ எந்த நாடும் தனதென்று சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. நல்லது. ஆனால் விண்கலத்தை எந்த நாடு பதிவு செய்ததோ, அதில் இருப்பவர்கள்மேல் அந்த நாட்டுக்கே அதிகாரம். அங்கே பிறக்கும் பிள்ளைக்கு வாக்குரிமை எங்கே, வேண்டாம் என்றால் திரும்பி வரும் உரிமை உண்டா என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2020இல் வாடிக்கையாளருக்குக் கொடுத்த நிபந்தனைகளில், செவ்வாய் சுதந்திரக் கிரகம், பூமியின் எந்த அரசாங்கத்துக்கும் அங்கே அதிகாரமில்லை என்று எழுதியிருந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. பூமியின் எந்தத் தொழிலாளர் சட்டமும் அங்கே செல்லாது என்று நான் அதைப் படித்தேன்.

நான் போகவே கூடாது என்று சொல்லவில்லை. இந்த மலையைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்கள் எங்கள் ஆட்கள், இது எங்கள் ஊர், இதைவிட்டு எங்கும் போகமாட்டேன். அப்படி ஒரு நாள் செவ்வாயில் பிறந்தவளும் சொல்லலாம். ஆனால் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு அவளுடைய பெயரில், கப்பல் கிளம்பும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிப் பேசும் அணிக்கு இதைக் கொடுங்கள். ஒட்டிப் பேசுகிறவர்களும் இதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

காவல்கிணறு கார்த்தி:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். ‘முதல் வேலை’ங்கறதை இன்னமும் நான் விடல. ஆனா இறால்காரண்ணன் சொல்ற மூடுன வீட்டுக்கு ஆள் எடுத்தா மொத ஆளா நான் பேர் குடுப்பேன். கடைசி வருச புராஜெக்ட்டுக்கு என்ஜின் குளிர்விக்கிறது பத்தி எடுத்திருந்தேன். கரியமில வாயுவை மீட்கிற பக்கம் மாத்தலாமான்னு நாளைக்கு சார்கிட்ட கேக்கப் போறேன்.

காவிரிக்கரை டீச்சர்:

ஐயா, தங்கை, தம்பி, உங்கள் மூன்று பேர் எழுதியதையும் அச்செடுத்து வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன். கஜா இரவைப் படித்த மாணவி பாதியில் நிறுத்திவிட்டாள், மீதியை இன்னொருத்தி படித்தாள். லயக் காம்பராவைப் பற்றிக் கேட்டதும், திருப்பூர் மில் விடுதியில் மூன்று வருடம் இருந்த அக்காவைப் பற்றி ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள். இதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

தலைப்பை மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். புதிய தலைப்பு: ‘பிற கிரகத்தில் குடியேற முதலில் தேவை: கலமா, காற்றா, சட்டமா?’ மூன்று அணி. நடுவர் நான்.

இப்போது கடைசி வரிசைப் பையனுக்கு ஓர் ஆசை. மூடிய கண்ணாடிப் புட்டியில் தண்ணீர், பாசி, இரண்டு கப்பி மீன் போட்டு, மேடையில் வைக்க வேண்டுமாம். ஆண்டு விழாவுக்கு 24 நாள் இருக்கிறது. மீன் தாங்குமா ஐயா?

வேதாரண்யத்து இறால்காரன்:

மீன் வேணாம் டீச்சர், தாங்காது. புள்ளைங்க கண்ணு முன்னாடி சாகக் கூடாது.

அஞ்சு லிட்டர் கண்ணாடி ஜாடி ஒண்ணு வாங்குங்க. காவிரித் தண்ணி முக்கால் அளவு, மேல கால்வாசி காத்துக்கு விடணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், அது வேணாம். அடியில ஆத்து மணல் ரெண்டு விரக்கடை. சேறு போடாதீங்க, அரிசோனாக் கதை ஆயிரும். வேலம்பாசி ஒரு கைப்பிடி, சுண்டுவிரல் நகம் அளவு நத்தை ரெண்டே ரெண்டு. மூடியைச் சுத்தி மெழுகு ஊத்தி அடைச்சு, மேல தேதியை எழுதிருங்க. நேர் வெயில் ஆகாது, ஜன்னலோர வெளிச்சம் போதும்.

நத்தை கண்ணாடியில எந்த உயரத்துல இருக்குன்னு தினமும் காலையில முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி பாக்கச் சொல்லுங்க. கீழயோ நடுவுலயோ மேஞ்சுக்கிட்டிருந்தா நல்லது. ரெண்டும் தண்ணி மட்டத்துக்கு மேல ஏறி ஒட்டிக்கிட்டு இறங்காம இருந்துச்சுன்னா உள்ள மூச்சு கொறையுதுன்னு வச்சுக்கோங்க. அன்னைக்கு ஆண்டு விழாவைப் பாக்காம மூடியைத் திறந்துருங்க. எத்தனாவது நாள்னு மட்டும் எனக்கு எழுதுங்க.